பாத்திரங்களுக்கும் ஓய்வு உண்டா?

ஸ்லோ குக்கர் வீட்டில் இருக்க வேண்டிய பொருள்தானா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகப் போடும் கணக்குகள் மூன்று: மின்சாரம் எவ்வளவு இழுக்கும், சாப்பாட்டுக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், சமையல் மேடையில் எவ்வளவு இடத்தை அடைக்கும். இவற்றுக்கு விடை காண்பது கடினமில்லை. பெரும்பாலான ஸ்லோ குக்கர்கள் 200 முதல் 300 வாட் வரைதான் எடுக்கின்றன. எட்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டு யூனிட்டுக்குச் சற்று முன்பின்னாக வரும். ஆனால் கணக்கு முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆள் பக்கத்தில் இல்லாதபோது ஒரு பாத்திரம் நமக்காக நாளெல்லாம் உழைத்துக்கொண்டிருந்தால், நாம் ஓய்வில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாமா? யூத அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இதை விவாதித்து வருகிறார்கள். அவர்களை இந்தச் சமையலறை விவகாரத்துக்குள் நான் வலிந்து இழுத்துவரவில்லை. இந்தக் கருவியே அவர்களுடைய ஓய்வுநாள் சட்டத்திலிருந்து பிறந்ததுதான். சிகாகோவில் வாழ்ந்த இர்விங் நாக்ஸன் என்ற யூதக் கண்டுபிடிப்பாளர், உள்ளே தனிச் சட்டியும் சுற்றிலும் சூடேற்றும் கம்பியும் கொண்ட மின்சாரப் பாத்திரம் ஒன்றுக்கு 1940இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் வெள்ளிக்கிழமை மாலைகளில் 'சோலண்ட்' சட்டியை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு வரும் வழக்கத்தைப் பற்றித் தாயார் சொன்ன கதைதான் அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது என்று அந்தக் குடும்பத்தில் சொல்கிறார்கள். பயறு வேகவைக்கும் சட்டி என்ற அளவில்தான் அவர் அதை விற்றுவந்தார். 1970இல் அவருடைய நிறுவனத்தை ரைவல் என்ற நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டு 'கிராக்பாட்' என்று பெயர்சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது வீடுவீடாகப் போனது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதில் தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை யூதர்களின் ஓய்வுநாள். அன்று செய்யக்கூடாத வேலைகளை கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத்தொகுப்பு 39 வகைகளாகப் பட்டியலிடுகிறது. சமைப்பது, தீ மூட்டுவது, தீயை அணைப்பது எல்லாம் அதில் உண்டு. பைபிளில் யாத்திராகமத்தின் 35ஆம் அதிகாரம் அன்று வீட்டில் தீ மூட்டுவதைத் தனியாகவே தடுக்கிறது. அதே சமயம் அது துக்கநாள் அல்ல, மகிழ்ச்சியாகக் கொண்டாட வேண்டிய நாள்; நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதும் அதன் கடமைகளில் ஒன்று. வடக்கு ஐரோப்பாவின் பனிக்காலத்தில் ஆறிப்போன உணவோடு ஒரு நாளை எப்படிக் கொண்டாடுவது? கிடைத்த விடை ஒன்றுதான்: வெள்ளிக்கிழமையே சட்டியைச் சூட்டில் ஏற்றிவிட்டு, மறுநாள் நண்பகல்வரை அதைத் தொடாமல் இருப்பது. கிழக்கு ஐரோப்பாவில் பயறும் பார்லியும் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சோலண்ட், ஸ்பெயினில் அடாஃபினா, ஈராக்கில் கோழிக்குள் அரிசியை அடைத்துச் செய்யும் திபீத் என்று ஊருக்கு ஊர் பெயரும் பக்குவமும் மாறின. பல ஊர்களில் வீட்டு அடுப்பு இரவெல்லாம் சூடு தாங்காது என்பதால், சட்டிகள் ரொட்டிக்கடையின் பெரிய அடுப்புக்குள் போயின. வெள்ளிக்கிழமை ரொட்டி சுட்ட சூடு அதன் சுவர்களில் மிச்சமிருக்கும். வாயை அடைத்துக் களிமண் பூசிவிட்டால் மறுநாள்வரை தாங்கும். ரொட்டிக்காரரும் ஓய்வெடுக்கப் போய்விடுவார். இந்தக் கடைசிச் செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இது சரிதானா என்பதில் முதல் நூற்றாண்டிலேயே இரண்டு கட்சிகள் இருந்தன. மிஷ்னாவில் ஓய்வுநாளைப் பற்றிய பகுதியின் முதல் அதிகாரத்திலேயே ஷம்மாய் வழியினரும் ஹில்லேல் வழியினரும் மோதிக்கொள்கிறார்கள். மை தயாரிக்கும் பொருட்களை வெள்ளிக்கிழமை ஊறவைக்கலாமா? இருட்டுவதற்குள் ஊறி முடிந்துவிடும் என்றால் மட்டும் வைக்கலாம் என்கிறது ஷம்மாய் தரப்பு. பொழுது இருக்கும்போதே வைத்துவிட்டால் போதும், அதன் பிறகு அது இரவெல்லாம் ஊறட்டும் என்கிறது ஹில்லேல் தரப்பு. சாயக்காரன் கொப்பரையில் போட்ட கம்பளி, விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் மீன்களுக்கும் விரித்துவைத்த வலை என்று எடுத்துக்காட்டுகள் நீள்கின்றன. வலை நல்ல எடுத்துக்காட்டு. வலை விரித்தவன் வீட்டில் தூங்குகிறான், மீன் மாட்டிக்கொள்கிறது, மீன் பிடித்தது யார்? இதை விளக்கவந்த தல்மூத், ஷம்மாய் தரப்பின் அடிப்படை இதுதான் என்கிறது: மனிதன் மட்டும் ஓய்ந்தால் போதாது, அவனுடைய பாத்திரங்களும் கருவிகளும் ஓய வேண்டும்.

கேட்ட மாத்திரத்தில் சிரிக்கத் தோன்றும். பாத்திரத்துக்குக் களைப்பு உண்டா என்ன? ஆனால் பத்துக் கட்டளைகளை எடுத்துப் பார்த்தால் ஷம்மாய் தரப்பின் கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரியாது. ஓய்வுநாள் கட்டளை வீட்டுத்தலைவனோடு நிற்கவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என்று விரிகிறது. உபாகமம் மாட்டையும் கழுதையையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. தன் கை சும்மா இருக்க, பிறர் உழைப்பில் சாப்பிடுவது ஓய்வாகாது என்பது இதன் பொருள். கொங்கண் கடற்கரையில் பென் இஸ்ரேல் என்ற யூதச் சமூகத்தார் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை அவர்களுடைய செக்கு நின்றுவிடும். அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்குக்காரர், என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சரி, மாடு நிற்க வேண்டும் என்றால், மாட்டின் வேலையைத் தண்ணீரோ காற்றோ செய்யும் ஆலை மட்டும் ஏன் ஓட வேண்டும்? உழைப்பின் பலன் என் வீட்டுக்குத்தானே வந்துசேர்கிறது? கட்டளை தொடங்கிவைத்த கோட்டை ஷம்மாய் தரப்பு முடிவுவரை இழுத்துப் பார்த்தது, அவ்வளவுதான். இன்று தானியங்கி இயந்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தொடவே இல்லை.

அப்படியானால் ஷம்மாய் தரப்பார் இருட்டிலா உட்கார்ந்தார்கள்? விளக்கு எரிந்தது, சட்டி அடுப்பில் இருந்தது. பாத்திரம் ஓய வேண்டும் என்பவர்கள் இவற்றை எப்படி அனுமதித்தார்கள் என்று தல்மூத்தே கேட்டு, விடையும் சொல்கிறது: அவர்கள் அந்த விளக்கையும் சட்டியையும் அன்றைக்கு 'என்னுடையதல்ல' என்று உரிமை துறந்துவிடுவார்கள். உடைமையாக இருக்கும்வரைதான் பாத்திரத்தின் உழைப்பு என் உழைப்பு. அதைக் கைவிட்டுவிட்டால் அது தன்பாட்டுக்கு எரிகிற ஒரு தீ. சட்டத்துக்குள் புகுந்து வெளியேறும் சாமர்த்தியம் என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டியை விட்டுவிடுவது என்றால் என்ன என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

நடைமுறையில் வென்றது ஹில்லேல் தரப்பு. கருவிக்கு ஓய்வில்லை, மனிதனுக்குத்தான் என்று முடிவாயிற்று. ஆனால் வென்றவர்கள் வைத்த நிபந்தனைகளைப் படித்தால், அவர்களும் வேறு வாசல் வழியாக அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரியும். வைக்கோலிலோ அறுத்த பயிரின் தாள்களிலோ எரிந்த அடுப்பின் மேல் சட்டியை அப்படியே விடலாம். அது சீக்கிரம் அவிந்துவிடும், கிளற ஒன்றுமில்லை. விறகடுப்பு என்றால் தணலை வாரிவிட வேண்டும், அல்லது மேலே சாம்பலைத் தூவ வேண்டும். நீறு பூத்த நெருப்பில் சூடு அற்றுப்போவதில்லை. பிறகு எதற்கு இந்தச் சாம்பல்? சட்டி சரியாக வேகவில்லையோ என்ற பதைப்பில் கை தானாகக் குச்சியை எடுத்துத் தணலைக் கிளறிவிடும் என்ற அச்சம்தான். சாம்பல் தீயை அடக்குவதற்காக அல்ல, கையை அடக்குவதற்காக. இன்றும் ஆசாரமான யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை அடுப்பின் மேல் ஒரு தகட்டைப் போட்டு, திருகுகளையும் மூடிவைக்கிறார்கள். அந்தச் சாம்பலின் வாரிசு அந்தத் தகடு.

இதே அக்கறை இன்னொரு விதியில் இன்னும் நுட்பமாக வெளிப்படுகிறது. பொழுது சாயும் நேரத்தில் அடுப்பில் ஏற்றிய உணவு நன்றாக வெந்திருந்தால் விட்டுவைக்கலாம். முழுப் பச்சையாக இருந்தாலும் விட்டுவைக்கலாம். அரைவேக்காடாக இருந்தால்தான் கூடாது. இது தலைகீழாக அல்லவா இருக்கிறது என்று தோன்றும். தல்மூத் சொல்லும் காரணம், பச்சைச் சட்டி இரவுச் சாப்பாட்டுக்கு எப்படியும் உதவாது என்பதால் மனம் காலைவரை அதை மறந்துவிடுகிறது என்பது. அரைவேக்காடுதான் ஆளை நிம்மதியாக இருக்கவிடாது. இன்னும் கொஞ்சம் தீ இருந்தால் ஆகிவிடுமே என்று மனம் அடுப்பையே சுற்றிவரும். (எவ்வளவு வெந்தால் 'வெந்தது' என்று கணக்கில் கொள்வது? அதற்கு ஒரு கொள்ளைக்காரனை அளவுகோலாக்கியிருக்கிறார்கள். பென் துரோசாய் என்பவன் எப்போதும் அவசரத்தில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ வெந்ததையே சாப்பிடுவானாம். அவன் சாப்பிடும் பக்குவத்துக்கு வந்துவிட்டால் போதும் என்றார்கள். பாதியா, மூன்றில் ஒன்றா என்பதில் இடைக்கால அறிஞர்களான மைமோனிடிஸுக்கும் ராஷிக்கும் கருத்து வேறுபாடு.) ஆக, எந்த உணவு மனிதனைத் தன்னை மறக்கவிடுகிறதோ அதை அனுமதித்தார்கள், எது அவன் கவனத்தைப் பிடித்துவைத்திருக்கிறதோ அதைத் தடுத்தார்கள்.

இதெல்லாம் ஏமாற்று என்று சொன்ன ஒரு பிரிவு யூதர்களுக்குள்ளேயே இருந்தது. எட்டாம் நூற்றாண்டுக்குப் பின் வளர்ந்த கராயிட் பிரிவினர் தல்மூத்தை ஏற்காதவர்கள். வேத வாசகத்தை நேராகப் படித்து, ஓய்வுநாளில் வீட்டில் தீயே இருக்கக்கூடாது, முன்பே ஏற்றிய விளக்கும் ஆகாது என்றார்கள். வெள்ளி இரவை இருட்டில் கழித்து, ஆறிய உணவை உண்டார்கள். அவர்களுடைய நேர்மையை மதிக்கலாம். ஆனால் மறுதரப்புக்கு அது சவாலாகிவிட்டது: பன்னிரண்டாம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சில் வாழ்ந்த செராகியா ஹலேவி, ஓய்வுநாளில் சூடான உணவு உண்ணாதவன் மதவிரோதியா என்று விசாரித்துப் பார்க்க வேண்டும் என்றே எழுதிவிட்டார். சூடான சட்டி ஒரு கொள்கைக்கொடியாகவே ஆகிவிட்டது. ஸ்பெயினில் அதுவே ஆபத்தாகவும் ஆயிற்று: 1478இல் அங்கே மதவிசாரணை மன்றம் அமைந்த பிறகு, கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் ரகசியமாக யூதர்களாகவே இருக்கிறார்களா என்று அறிய, வெள்ளிக்கிழமையே சனிக்கிழமைச் சாப்பாட்டைச் சமைக்கிறார்களா என்பதை ஓர் அடையாளமாக வைத்தார்கள். அடாஃபினா சட்டியைப் பார்த்ததாக வேலைக்காரர்கள் சாட்சி சொன்னார்கள்.

கராயிட்டுகளின் குற்றச்சாட்டை அத்தனை எளிதாகத் தாண்டிவிட முடியாது. வேலையை ஒரு நாள் முன்னதாகத் தொடங்கிவைத்து, அது தானாக முடியட்டும் என்று விடுவது ஓய்வைப் போல நடிப்பதுதானே? பலன் கிடைக்கிறது, பழி மட்டும் இல்லை. இதற்கு என் பதில், ஓய்வை அளக்க வேண்டிய இடம் பலன் அல்ல, அதிகாரம் என்பது. சமைப்பவரின் வேலை பெரும்பகுதி அடுப்பை ஏற்றுவதில் இல்லை. உப்புப் பார்ப்பது, தண்ணீர் விடுவது, தீயைக் குறைப்பது, கிளறுவது, அடிப்பிடிக்கிறதா என்று மோந்து பார்ப்பது என்று நிமிடத்துக்கு நிமிடம் எடுக்கும் முடிவுகளில்தான் அது இருக்கிறது. ஓய்வுநாள் சட்டி இந்த முடிவுகள் அத்தனையையும் பறித்துவிடுகிறது. கிளறுவதும் சமையல்தான், எனவே தடை. மூடியைத் திறந்தால் மறுபடி மூடுவதற்கும், சட்டியை இறக்கினால் மறுபடி ஏற்றுவதற்கும் நிபந்தனைகள். உப்புக் குறைந்தால் குறைந்ததுதான். தன் சமையலைத் திருத்தும் உரிமையை ஓர் இரவு முழுக்க விட்டுக்கொடுக்கிறவரை ஓய்வெடுப்பதாக நடிக்கிறார் என்று சொல்ல முடியாது. திருத்திக்கொண்டே இருக்கத் துடிக்கும் மனத்துக்கு இதைவிடக் கடினமான விரதம் குறைவு.

இப்போது 1971க்கு வருவோம். நாக்ஸனின் சட்டியில் எல்லாம் இருந்தது: மெல்லிய சூடு, மூடிய வாய், நீண்ட நேரம். மூடியைத் திறந்தால் போன சூடு திரும்ப அரை மணி நேரம்வரை ஆகும், திறக்காதீர்கள் என்ற அறிவுரையும் கூடவே வந்தது. ஆனால் கிராக்பாட் யாருக்கு விற்கப்பட்டது? அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது இது வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். சனிக்கிழமையின் சட்டி வாரநாளின் சட்டி ஆயிற்று. ஒருவரை வேலையிலிருந்து விடுவிக்க உருவான ஏற்பாடு, அவரை இன்னொரு வேலைக்கு அனுப்பிவைத்தது. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூல் இத்தகைய கருவிகளின் கதையை விரிவாகச் சொல்கிறது. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு இயந்திரமும் ஆண்களும் பிள்ளைகளும் பணியாட்களும் செய்துவந்த பங்கைத்தான் குறைத்தது. கூடவே சுத்தத்துக்கும் சமையலுக்குமான எதிர்பார்ப்பு உயர்ந்ததால், இல்லத்தரசியின் மணிக்கணக்கு குறையவே இல்லை என்பது அவருடைய வாதம்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாலையில் சூடான சாப்பாடு காத்திருப்பது சின்ன விஷயமா, அதைக் குறை சொல்ல நீ யார் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அது சின்ன விஷயமல்ல. பழைய ஏற்பாட்டையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. ஓய்வுநாள் கட்டளையின் பட்டியலை மறுபடி பாருங்கள்: மகன், மகள், வேலையாட்கள், மாடு, அந்நியன் எல்லாரும் இருக்கிறார்கள், மனைவியைக் காணோம். 'நீ' என்ற சொல்லிலேயே அவளும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் சொல்லக்கூடும். எப்படியானாலும், சனிக்கிழமை அவள் கை நிஜமாகவே சும்மா இருந்ததற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி அந்தச் சட்டி ஒன்றுதான். அதற்கு விலையாக வெள்ளிக்கிழமை அவளுக்கு இரண்டு நாள் வேலை இருந்தது என்பதையும் மறைக்க முடியாது. ஆகவே என் குறை அலுவலகம் போகும் பெண்ணின் மேல் இல்லை. கருவி மிச்சப்படுத்திய நேரத்தை யார் எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே தீர்மானிக்காத வீட்டில், அந்த நேரத்தை எப்போதும் வேலையே எடுத்துக்கொள்கிறது என்பதுதான் நான் சொல்லவருவது. ஓய்வுநாள் சட்டம் அந்தத் தீர்மானத்தை வீட்டாரின் விருப்பத்துக்கு விடவில்லை. அந்த நேரத்துக்கு வேலி போட்டது.

இன்னொரு வித்தியாசத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ரொட்டிக்கடை அடுப்பில் இருந்தது எஞ்சிய சூடு. வெள்ளிக்கிழமை எரித்த விறகின் மிச்சம் மணிக்கு மணி தணிந்துகொண்டே போகும். ஸ்லோ குக்கரில் இருப்பது இடைவிடாமல் ஊட்டப்படும் சூடு. மிஷ்னா இந்த இரண்டையும் அன்றே பிரித்துவிட்டது. சட்டியை வெள்ளிக்கிழமை எதனுள் புதைத்து வைக்கலாம் என்று கேட்டு, துணி, புறா இறகு, தச்சனின் மரத்தூள் போன்றவை ஆகும் என்கிறது. இவை இருக்கும் சூட்டைக் காப்பவை. பிழிந்த ஆலிவ் சக்கை, சாணம், சுண்ணாம்பு போன்றவை ஆகாது. இவை தாமே சூட்டைக் கூட்டுபவை. இதனால்தான் ஸ்லோ குக்கரை ஓய்வுநாளில் பயன்படுத்தலாமா என்று இருபதாம் நூற்றாண்டின் யூத மதகுருக்களான ரபிகளுக்குள் பெரிய விவாதம் எழுந்தது. சட்டியைச் சுற்றிச் சுவர் முழுக்கச் சூடேற்றும் கம்பி ஓடுவதால், அது சூட்டைக் கூட்டும் பொருளுக்குள் புதைத்ததற்குச் சமம் என்று ஒரு தரப்பு தடுத்தது. உள்சட்டிக்கு அடியில் அலுமினியத் தாளை உருட்டிவைத்துச் சற்றுத் தூக்கிவிட்டால் புதைப்பு ஆகாது என்பது பலர் கைக்கொள்ளும் தீர்வு. லித்துவேனியச் சட்டியின் நேர்வாரிசே அந்தச் சட்டியை உருவாக்கிய சட்டத்தின் முன் சந்தேகத்துக்கு உரியதாக நின்றது. அலுமினிய உருண்டைகளை வைத்துக் கேலிபேசுவது எளிது. ஆனால் அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. ஊட்டப்படும் சூட்டுக்கு மறுமுனையில் ஒரு ஆள் உண்டு. 1953இல் மறைந்த ஹசோன் இஷ் என்ற புகழ்பெற்ற ரபி, மின்நிலையத்தில் யூதத் தொழிலாளர்கள் ஓய்வுநாளிலும் வேலை செய்கிறார்கள், அந்த மின்சாரத்தை அன்று நாம் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டார். மருத்துவமனைகளுக்காக எப்படியும் ஓட வேண்டிய நிலையம்தானே என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். இன்றும் இஸ்ரேலின் பினே பிராக் போன்ற ஊர்களில் பொதுமின்சாரத்தை விட்டு அன்று தனி ஜெனரேட்டருக்கு மாறும் குடும்பங்கள் உண்டு. பாத்திரம் ஓய வேண்டுமா என்ற ஷம்மாயின் கேள்வி, பாத்திரத்தை ஓட்டுகிறவர் ஓய வேண்டாமா என்று உருமாறித் திரும்பிவந்திருக்கிறது.

சுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தத்துவம் எப்படி இருந்தாலும் சாப்பாடு நன்றாக இல்லாத கருவியை யாரும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. இறைச்சியின் கடினமான இணைப்புத் திசுவில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், ஈரச்சூட்டில் பல மணி நேரம் இருந்தால் ஜெலட்டினாக இளகுகிறது. எலும்பை ஒட்டிய தசை, வால், கால் என்று மலிவாகக் கிடைக்கும் துண்டுகள் கரண்டியால் வெட்டுப்படும் அளவுக்கு மென்மையாவது இதனால்தான். ஆனால் அதே காரியத்தை 120 டிகிரி நீராவியில் பிரஷர் குக்கர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. துவரம்பருப்பு மூன்று விசிலில் மசியும் வீட்டில், நேரத்தை மிச்சப்படுத்த என்று சொல்லி ஸ்லோ குக்கர் வாங்குவதற்கு நியாயமே இல்லை. இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். ஏற்பதுதான் என் வாதத்துக்கும் வசதி. பிரஷர் குக்கருக்குக் காவல் வேண்டும். எத்தனையாவது விசில் என்று எண்ணிக்கொண்டு ஒருவர் காதை அங்கேயே வைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஆலையில் கோதுமையைக் கொட்டிவிட்டு வரலாமா என்ற பழைய விவாதத்தில், கூடாது என்றவர்கள் சொன்ன காரணமே அதன் சத்தம்தான். பதினாறாம் நூற்றாண்டு கிராக்கோவில் ரபி மோசஸ் இசர்லிஸும் ஆலை விஷயத்தில் அதையே கடைப்பிடிக்கச் சொன்னார். சத்தமிடும் கருவி வீட்டாரை வேலையிலேயே வைத்திருக்கிறது. ஸ்லோ குக்கர் கூப்பிடாது. அதனால் அதன் தகுதியை மணிக்கணக்கில் தேடக்கூடாது. அந்த மணிகளில் அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை என்பதில்தான் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம் இருக்கிறது. தளதளவென்று குறைந்தது பத்து நிமிடம் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மந்தமான சூட்டில் அழியாமல் தங்கிவிடலாம், வேகவைக்காத ராஜ்மாவைவிடவும் வீரியம் கூடிவிடலாம். ஆகவே ஊறவைத்து, அடுப்பில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே சட்டிக்குள் போட வேண்டும். பச்சையாக அப்படியே வைத்துவிட்டு மறந்துபோகும் தல்மூத் சலுகை ராஜ்மாவுக்குப் பொருந்தாது. அதற்குப் பென் துரோசாயின் பக்குவமும் போதாது.

வாரத்தில் ஒரு நாளோ ஒரு மாலையோ, யாரும் அடுப்பங்கரைக்குள் போக வேண்டாம் என்று உறுதியாக ஒதுக்கிவைத்திருக்கிற வீட்டுக்கு ஸ்லோ குக்கர் வாங்கத் தக்க பொருள் என்பது என் முடிவு. அந்த வீடு யூத வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடவுளை நம்ப வேண்டும் என்றும் இல்லை. வேலையை நிறுத்திக்கொள்ள ஒரு நேரம் வைத்திருந்தால் போதும். அப்படி எந்த நேரமும் இல்லாத வீட்டில் அது அலமாரிக்குப் போகும், அல்லது இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைக்க வழிசெய்து கொடுக்கும். இரண்டில் அலமாரியே மேல்.

எந்த வகையை வாங்குவது என்பதிலும் இந்த நியாயமே உதவுகிறது. குறைந்த சூடு, அதிகச் சூடு, நிறுத்தம் என்று மூன்றே நிலைகளும் ஒரு குமிழும் கொண்ட மலிவான சட்டி போதும். குறித்த நேரம் ஆனதும் தானாகச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் டைமர் இருந்தாலும் குற்றமில்லை. அந்த முடிவைப் பொழுதோடு நாமே எடுத்துவிட்டோம், பிறகு நடப்பது அதன் விளைவு மட்டும். ஹில்லேல் தரப்பு இதை அனுமதித்திருக்கும் என்று சொல்லத் துணிகிறேன். ஆனால் கைபேசியோடு இணைத்து, எங்கிருந்தாலும் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ரகம் ஒன்றும் சந்தையில் இருக்கிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் அந்த வசதி, தணலைக் கிளறும் குச்சியைச் சட்டைப்பையிலேயே வைத்துவிடுகிறது. அலுவலகக் கூட்டத்தின் நடுவில் குழம்பின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அவருக்கு அந்தச் சட்டி கடைசிவரை அரைவேக்காடாகவே இருக்கும்.